ஆண்டறிக்கை 2025: இந்த முறை மூட்டைக் கணக்கு இல்லை

உறுப்பினர்கள் எல்லோருக்கும் வணக்கம்.

வழக்கமாக "இந்த ஆண்டு கடற்கரையில் இத்தனை மூட்டை குப்பை அள்ளினோம்" என்றுதான் ஆரம்பிப்பேன். ஈர மணலோடு கட்டிய மூட்டையைத் தராசில் வைத்தால் பாதி எடை மணல்தான் என்பது அள்ளிய எல்லோருக்கும் தெரியும், அதைப் பெருமையாகப் படிக்க எனக்கே கூச்சமாக இருக்கிறது.

செப்டம்பர் மூன்றாவது சனிக்கிழமை சர்வதேசக் கடற்கரைத் தூய்மை நாள். நம் நாட்டில் கடலோரக் காவல் படை 2006 முதல் இதை ஒருங்கிணைக்கிறது. ஐ.நா. அறிவித்த உலகத் தூய்மை நாள் செப்டம்பர் 20. இந்த வருடம் இரண்டும் ஒரே நாளில் விழுந்ததால் சென்னை பட்டினப்பாக்கம் கடற்கரையில் காலை ஆறு மணிக்கே நல்ல கூட்டம், பாதிப் பேர் போட்டோ எடுத்துக்கொண்டு ஏழரைக்குக் கிளம்பினாலும் வந்தவரைக்கும் சரி.

1986-இல் டெக்சஸ் கரையில் இதைத் தொடங்கியவர்கள் பொறுக்கியதை வகை வகையாக எண்ணி அட்டையில் எழுதினார்கள். நாமும் அப்படிச் செய்து பார்த்தோம். பாட்டிலும் கவரும்தான் அதிகம் இருக்கும் என்று நினைத்தேன். குனிந்து பார்த்தால் ஷாம்பு பாக்கெட், குட்கா உறை, அப்புறம் பால் பாக்கெட்டின் வெட்டிய மூலை. நகம் அளவு நீலத் துண்டு, மணலுக்குள் இருந்து நோண்டி எடுக்க வேண்டும். பால் கவரைக் காயலான் கடையில் எடுத்துக்கொள்வார்கள், அந்த மூலையை யார் எடுப்பார்கள்? அக்டோபரிலிருந்து நம் தெருவில் மூன்று டீக்கடைகளில் பேசியதில், ஒருவர் மட்டும் மூலையை முழுதாக வெட்டாமல் கவரோடு ஒட்டவிட்டுக் கீறுகிறார். "பழகிடுச்சு சார்" என்றார். மற்ற இருவரிடம் பேச்சு நடக்கிறது.

குறைகளையும் சொல்லிவிடுகிறேன். வண்டி அனுப்புவதாகச் சொன்னவர்கள் இரண்டு நாள் அனுப்பவில்லை, அதற்குள் நாய்கள் மூட்டைகளைக் கிழித்துவிட்டன, ஞாயிறு மாலை ஐந்து பேர் போய் மறுபடியும் அள்ளினோம். தமிழ்நாட்டில் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக்குக்கு 2019 ஜனவரி 1 முதல் தடை இருந்தும், நாம் ஆர்டர் கொடுத்த டிபனே பிளாஸ்டிக் பூசிய தட்டில் வந்தது. ஆர்டர் கொடுத்தவன் நான்தான், ஒப்புக்கொள்கிறேன். அடுத்த முறை வாழையிலை, எவர்சில்வர் டம்ளர்.

வரவு செலவைப் பொருளாளர் தனியாகப் படிப்பார். வடகிழக்குப் பருவமழையில் அடையாறு கொண்டுவந்து கொட்டியதெல்லாம் முகத்துவாரத்தில் அப்படியே கிடக்கிறது. கடலாமைகள் முட்டையிட வருகிற மாதங்கள் ஆரம்பிக்கின்றன, அதனால் அறுந்த வலைத் துண்டுகளைத்தான் முதலில் எடுக்க வேண்டும். ஜனவரி முதல் ஞாயிறு காலை போகிறோம்.

துணிக் கையுறையில் நான்கு ஜோடி இன்னும் திரும்பி வரவில்லை. வைத்திருப்பவர்கள் துவைத்துக் கொண்டுவந்து கொடுக்கவும்.

செயலாளர்