கோயில் திருவிழாக்களில் கை கழுவும் சோப்பு: டர்பன் நிர்வாகக் குழுக்களுக்குத் திறந்த மடல்

டர்பன் வட்டாரத்து மாரியம்மன், முருகன் கோயில் நிர்வாகக் குழுவினருக்கு வணக்கம்.

ஆடிக் கூழுக்கும் தைப்பூசக் காவடிக்கும் சாமான் பட்டியல் போடும்போது, ஐந்து லிட்டர் கேனில் வரும் கிருமிநாசினி கை சோப்பையும் சேர்த்துவிடுகிறோம். இனி அது வேண்டாம் என்று கேட்கவே இந்த மடல்.

லேபிளில் ட்ரைக்ளோசான் என்ற கிருமிக்கொல்லி வேதிப்பொருள் இருக்கிறதா பாருங்கள். இத்தகைய சோப்பில் அது 0.3 சதவீதம் வரை இருக்கும். அப்படியானால் கேன் ஒன்றுக்குச் சுமார் 15 கிராம். அது ஆற்றில் என்ன செய்யும் என்பதற்கு டாஃப்னியா என்ற மிகச் சிறிய நன்னீர் ஓட்டுயிரியை வைத்துச் செய்யும் சோதனையே நல்ல சாட்சி. பிறந்து 24 மணி நேரம் ஆகாத குஞ்சுகளை, குவளைக்கு ஐந்தாக, ட்ரைக்ளோசானின் ஒவ்வோர் அளவுக்கும் நான்கு குவளைகளில் விடுவார்கள். தீனி கிடையாது. 48 மணி நேரம் கழித்துக் குவளையை மெல்ல அசைத்து 15 விநாடி பார்க்க வேண்டும். உணர்கொம்பு துடித்தாலும், நீந்தாவிட்டால் செயலிழந்ததாகவே கணக்கு. ட்ரைக்ளோசான் கலக்காத குவளைகளிலேயே பத்தில் ஒன்றுக்கு மேல் முடங்கினால் சோதனை செல்லாது. லிட்டருக்குச் சுமார் 390 மைக்ரோகிராம் ட்ரைக்ளோசானில் பாதிக் குஞ்சுகள் முடங்குகின்றன.

சாவு மட்டுமே கணக்கல்ல. 21 நாள் சோதனையில் லிட்டருக்கு 40 மைக்ரோகிராம் வரை இனப்பெருக்கம் குறையவில்லை, 200-இல் குறைந்தது. ஒரே கேனின் ட்ரைக்ளோசானை அந்த 40-க்கு நீர்க்கச் செய்ய 3,75,000 லிட்டர் தண்ணீர் வேண்டும். சில பாசிகளின் வளர்ச்சியோ லிட்டருக்கு ஒன்றிரண்டு மைக்ரோகிராமிலேயே பாதியாகிவிடுகிறது. டாஃப்னியாவுக்கும், நம் ஆறுகளில் வாழும் காரிடினா என்ற சின்ன இறாலுக்கும் பாசிதான் தீனி. நஞ்சு உடம்பைத் தொடுமுன் சோற்றைத் தொட்டுவிடுகிறது.

நீரின் அமில-காரத் தன்மையைக் காட்டும் பிஎச் அளவையும் சேர்த்தே இந்த எண்களைப் படிக்க வேண்டும். பிஎச் 7-இல் ட்ரைக்ளோசான் பெரும்பாலும் அயனியாகாமல், அதாவது மின்னேற்றம் பெறாமல், இருப்பதால் உடலுக்குள் எளிதாகப் புகும். 8.5-இல் பாதிக்கு மேல் அயனியாகிவிடும், நஞ்சின் கடுமை குறையும்.

கழிவுநீர் நிலையம் நன்றாக இயங்கினால் பெரும்பகுதி நீங்கிவிடும், அதில் ஒரு பங்கு சேற்றோடு ஒட்டிக்கொள்ளும். ஆனால் கோயில் வளாகத்தில் பந்தல் ஓரத்தில் வைக்கும் குழாயின் தண்ணீர் எங்கே போகிறது? மழைநீர் வடிகாலுக்குப் போனால் சுத்திகரிப்பே கிடையாது, நேராக ஓடைக்குத்தான். எங்களுக்கு மிகவும் கவலை தருவது இதுதான். குழாயைக் கழிவுநீர் இணைப்புள்ள தொட்டிக்கு மேல் மாற்றுங்கள். முடியாவிட்டால் அடியில் வாளி வைத்துப் பிடித்து, கழிப்பறையில் ஊற்றச் சொல்லுங்கள்.

சாதா சோப்பில் கை சுத்தமாகுமா என்று பக்தர்கள் கேட்பார்கள். ஆகும். 20 விநாடி தேய்த்து, ஓடும் தண்ணீரில் கழுவினால் போதும். கிருமிநாசினி சோப்பு சாதா சோப்பைவிட மேலானது என்று உற்பத்தியாளர்கள் நிரூபிக்காததால், 2016-இல் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் வீட்டு உபயோகச் சோப்புகளில் ட்ரைக்ளோசான் உட்பட 19 பொருட்களை விலக்கியது.

ஒன்றைத் தவிர்க்கப் போய் இன்னொன்றில் விழ வேண்டாம். கிருமிநாசினி சோப்புகளில் வரும் வேறு இரண்டு பொருட்களான பென்சால்கோனியம் குளோரைடும் ட்ரைக்ளோகார்பானும் டாஃப்னியாவுக்கு இன்னும் கடும் நஞ்சு. கடைக்காரரிடம் இந்த மூன்றின் பெயரையும் எழுதிக் கொடுத்து, எதுவும் இல்லாத சோப்பு கேளுங்கள்.

ஏற்கெனவே வாங்கிவைத்த கேன்களை வடிகாலில் கொட்டிக் காலி செய்யாதீர்கள். திறக்காதவற்றைக் கடைக்கே திருப்பிக் கொடுங்கள். திறந்தவற்றை மூடி வைத்து, அபாயக் கழிவு வாங்கும் இடத்தில் சேருங்கள். அதுவரை பிளீச்சோடு கலக்க வேண்டாம், குளோரினோடு சேர்ந்தால் குளோரோஃபார்ம் உண்டாகும்.