அந்த நாலரை மணி நேரம்

அன்புள்ள மகளுக்கு,

உன் கடிதம் வந்து இருபது நாளாகிறது. உடனே பதில் எழுதாமல் இருந்ததற்குக் கோபம் காரணமில்லை. நான் மாமாவுக்கு அக்காவா, அரசுத் தரப்புச் சாட்சியா, இரண்டில் ஒன்றைச் சொல்லும்படி கேட்டிருந்தாய். இரண்டும்தான் என்று ஒரே வரியில் எழுதிவிடலாம். ஆனால் அந்த வரியை நீ நம்ப வேண்டுமானால், இதுவரை உன்னிடம் சொல்லாத ஒன்றைச் சொல்லியாக வேண்டும். அடுத்த வாய்தாவில் நான் கூண்டேறுகிறேன். அங்கே அது எப்படியும் வெளியே வரும். மற்றவர் வாயால் உன் காதுக்கு எட்டுவதற்கு முன்னால் என் கையெழுத்தில் வந்து சேரட்டும் என்றுதான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

மாமா காரில் ஒருவரை மோதிவிட்டு நிற்காமல் வந்துவிட்டார், விடிந்ததும் அம்மா போய்ப் போலீசில் சொல்லிவிட்டாள் என்பது மட்டும்தான் உனக்குத் தெரியும். நிற்காமல் வந்தார் என்பது சரியில்லை. அவன் நின்றான். இறங்கிப் போய்ப் பார்த்தான். பார்த்துவிட்டுத்தான் வந்தான்.

இரவு ஒரு மணிக்கு அவன் கதவைத் தட்டினான். குடித்திருந்தான் என்பது கதவைத் திறந்ததுமே தெரிந்தது. என்ன நடந்தது என்று சொல்வதற்குள் மூன்று முறை தண்ணீர் கேட்டான். எல்லாம் சொல்லி முடித்த பிறகு, தரையைப் பார்த்துக்கொண்டே, "கை அசைஞ்சுது அக்கா" என்றான். அதை நான் கேட்டேன், மகளே. தெளிவாகக் கேட்டேன். தொலைபேசி எனக்கு எட்டும் தூரத்தில் இருந்தது. நான் அதை எடுக்கவில்லை. எழுந்து போய் வெளி விளக்கை அணைத்துவிட்டு வந்தேன்.

பிறகு அவன் வாளியும் துணியும் கேட்டான். வாளியை நான்தான் நிரப்பிக் கொடுத்தேன். தண்ணீர் விழும் சத்தம் பக்கத்து வீட்டுக்குக் கேட்கக் கூடாதென்று குழாயை மெல்லத் திறந்து, வாளியைச் சாய்த்துப் பிடித்து, நிரம்பும்வரை அப்படியே குனிந்து நின்றேன். அந்தக் குழாயை அவ்வளவு மெதுவாகத் திறந்த கை என் கைதான். ஒரு குடும்பம் தன் மனிதனைக் காப்பாற்றுவது என்கிறோமே, அது கிட்டத்தில் இப்படித்தான் இருக்கிறது.

டார்ச் வெளிச்சத்தில் காரைப் பார்த்தேன். உடைந்த முகப்பு விளக்கின் விளிம்பில் விரல் நீளத்துக்கு ஒரு நீல நூல் மாட்டியிருந்தது. கெட்டியான சீருடைத் துணியின் நூல். இரவு வேலை முடிந்து நடந்து போனவர் அவர் என்பது எனக்கு அப்போது தெரியாது. உன் மாமா அதை இழுக்கக் கை நீட்டியபோது அவன் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டேன். அதை நியாய உணர்ச்சி என்று சொல்லிக்கொள்ள எனக்கு உரிமையில்லை. ஏன் பிடித்தேன் என்று இன்றும் எனக்குத் தெரியவில்லை. அவன் வாளியை வைத்துவிட்டு உள்ளே வந்தான். ராத்திரி முழுக்க அவன் என் வீட்டில்தான் இருந்தான் என்று மட்டும் சொல்லிவிடும்படி கேட்டுக்கொண்டே நாற்காலியில் சாய்ந்து தூங்கிப்போனான்.

ஐந்தரை மணிக்கு அவனை எழுப்பி, வா, இருவருமாகப் போய்ச் சொல்லிவிடலாம் என்றேன். வரமாட்டேன் என்றான். நான் தனியாகப் போனேன். போலீசாரை அழைத்துக்கொண்டு திரும்பியபோது அவன் அதே நாற்காலியில் உட்கார்ந்திருந்தான். அவன் ஓடவில்லை. அதையும் என் வாக்குமூலத்தில் எழுதிக்கொள்ளச் சொன்னேன். வாளியைப் பற்றியும், அணைத்த விளக்கைப் பற்றியும், அசைந்த கையைப் பற்றியும் சொன்னதைப் போலவே.

அடிபட்ட உடனே அந்த மனிதரின் உயிர் போகவில்லை என்றும், காலில் ரத்தக்குழாய் கிழிந்து, ரத்தம் வெளியேறியே போயிருக்கிறது என்றும் பிரேதப் பரிசோதனை அறிக்கை சொல்கிறது. அப்படிப்பட்ட காயத்தில் ரத்தத்தை யாராவது அழுத்திப் பிடித்து நிறுத்தினால் எத்தனையோ பேர் பிழைக்கிறார்கள் என்பதை நான் பிறகு கேட்டுத் தெரிந்துகொண்டேன். இவர் பிழைத்திருப்பாரா என்பதை யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாது. ஆனால் ஒரு மணிக்கும் ஐந்தரைக்கும் நடுவில் நான் ஒரு நல்ல அக்காவாக இருந்தேன். நீ எதை நான் செய்யத் தவறினேன் என்று எழுதியிருக்கிறாயோ, அதை அந்த நாலரை மணி நேரம் குறைவில்லாமல் செய்தேன். என்மேல் குற்றம் சொல்ல வேண்டுமானால், காட்டிக் கொடுத்தாள் என்று சொல்லாதே. ஒரு மணிக்குச் சொல்ல வேண்டியதை ஐந்தரைக்குச் சொன்னாள் என்று சொல்.

தான் ஆடாவிட்டாலும் தன் தசை ஆடும் என்பார்கள். ஆடியது, அதை நான் மறுக்கவில்லை. பதினொரு வயது இளையவன், இடுப்பில் வைத்து வளர்த்தவன். உலகத்தின் சட்டங்களும் அந்த ஆட்டத்தை அறியாதவை அல்ல. வழக்குக்காக வழக்கறிஞரைப் பார்க்கப் போன நாட்களில் இதைப் பற்றி நிறையக் கேட்டேன். ஜெர்மனியில் உடன்பிறந்தவருக்கு எதிராகச் சாட்சி சொல்ல மறுக்கும் உரிமை சட்டத்திலேயே இருக்கிறது. ஜப்பானில் குற்றம் செய்தவரை ஒளித்து வைத்தவர் உறவினராக இருந்தால் நீதிமன்றம் தண்டனையை விலக்கலாம். இந்தியச் சட்டத்தில் அந்த விலக்கு கணவனுக்கும் மனைவிக்கும் மட்டும் உண்டு, உடன்பிறந்தவர்களுக்கு இல்லை. இப்படி ஒவ்வொரு நாடும் கோட்டை ஒவ்வோர் இடத்தில் போட்டிருக்கிறது. ஆனால் ஒன்றைக் கவனி. சில நாடுகள் உறவினரைப் பேசாமல் இருக்க விடுகின்றனவே தவிர, பொய் சொல்லும் உரிமையை யாருக்கும் கொடுக்கவில்லை. குறைந்தபட்சம் வாய் மூடியாவது இருந்திருக்கலாமே என்று எழுதியிருந்தாய். உன் மாமா என்னிடம் கேட்டது மௌனத்தை அன்று. மௌனம் அவனுக்குப் போதாது. முதலில் நான் பொய் சொல்ல வேண்டும், பிறகு அவன் மனைவி சொல்ல வேண்டும், விசாரணை நீண்டால் விடுமுறைக்கு வரும் நீயும் சொல்ல வேண்டும். அவன் செய்தது ஒரு நிமிடத்தில் முடிந்துபோனது. நாங்கள் செய்ய வேண்டியிருந்தது தினமும் செய்ய வேண்டியது.

உன் கடிதத்தில் என்னை விபீடணன் என்று எழுதியிருந்தாய். அந்தச் சொல் வலித்தது, ஆனாலும் அதையே பல நாள் நினைத்துக்கொண்டிருந்தேன். கும்பகர்ணனுக்காக நம் எல்லோருக்கும் கண் கலங்கும்; எனக்கும் கலங்கும். நீ செய்தது தவறு என்று அண்ணன் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டு, அவனுக்காகவே போய் மடிந்தவன். ஆனால் அவன் மடிந்ததால் சிறையிருந்த பெண் ஒரு நாள் முன்னதாக விடுபடவில்லை. விபீடணன்மேல் நமக்கு ஏன் மனம் ஒட்டவில்லை என்று யோசித்துப் பார்த்தேன். அவன் சொன்ன நியாயத்தில் குறையில்லை. இறுதியில் அவனுக்கு முடி கிடைத்ததே, அதுதான் உறுத்துகிறது. உறவைக் காட்டிக் கொடுத்தவனுக்கு அதனால் ஆதாயம் வந்தால் அவன் சொன்ன உண்மையும் கறைபட்டுவிடுகிறது.

அமெரிக்காவில் டேவிட் கசின்ஸ்கி என்பவருக்கு இதே சோதனை வந்தது. 1978 முதல் 1995 வரை வெடிகுண்டுகளை அனுப்பி 3 பேரைக் கொன்று, 23 பேரைக் காயப்படுத்திய ஆளை அந்த நாட்டுக் காவல்துறையால் பிடிக்க முடியவில்லை. அவன் எழுதிய நீண்ட அறிக்கை 1995 செப்டம்பரில் பத்திரிகையில் வெளியானபோது, அந்த எழுத்து தன் அண்ணன் டெட்டின் எழுத்தைப் போலிருப்பதை டேவிட் கண்டுகொண்டார். அவருக்கு முன்பே சந்தேகப்பட்டவர் அவருடைய மனைவி. சொல்லாமல் இருந்தால் இன்னொருவர் சாகலாம்; சொன்னால் அண்ணனுக்கே மரண தண்டனை கிடைக்கலாம். சொன்னார். 1996 ஏப்ரலில் அண்ணன் கைதானார். அதற்குப் பிறகு டேவிட் செய்ததுதான் எனக்கு முக்கியம். அரசு மரண தண்டனை கேட்டபோது அதை எதிர்த்து நின்றார். அவருக்குக் கிடைத்த பத்து லட்சம் டாலர் பரிசுத் தொகையில் செலவு போக மீதியைப் பாதிக்கப்பட்டவர்களின் குடும்பங்களுக்குக் கொடுத்தார். அண்ணனுக்குக் கடிதம் எழுதிக்கொண்டே இருந்தார். ஒன்றுக்கும் பதில் வரவில்லை. 2023இல் டெட் சிறையிலிருக்கும்போதே இறந்துபோனார். அந்தப் பதில் வராத கடிதங்களை நான் அடிக்கடி நினைத்துக்கொள்கிறேன்.

மாமா உன் கல்லூரிக் கட்டணத்தைக் கட்டியதை நான் மறந்துவிட்டேன் என்று நினைக்கிறாய். மறக்கவில்லை. அந்தக் கடன் உண்மையானது. அதை நான் அடைத்துக்கொண்டிருக்கிறேன். அவனுக்கு வைத்திருக்கும் வழக்கறிஞருக்கு நான்தான் பணம் கொடுக்கிறேன். அவரைவிட நல்லவர் ஒருவர் கிடைப்பாரா என்று இன்னமும் விசாரித்துக்கொண்டிருக்கிறேன். நான் கூண்டில் நிற்கும்போது என்னைக் குறுக்கு விசாரணை செய்யப் போகிறவரும் அவர்தான். என் சாட்சியத்தை உடைக்க அவரால் முடிந்ததையெல்லாம் செய்வார், செய்ய வேண்டும். அதற்குத்தான் பணம் கொடுத்திருக்கிறேன். அந்தக் கடனுக்கு ஈடாக என்னால் தர முடியாதது ஒன்றே ஒன்றுதான். அது என்னுடையது அல்ல, அந்த மனிதரின் குடும்பத்துக்கு உரியது.

அவருடைய தாயாரை முதல் வாய்தாவில் பார்த்தேன். நீதிமன்ற நடையில் ஒரே பெஞ்சு. நான் யாரென்று அவருக்குத் தெரியாது. நின்றுகொண்டிருந்த என்னைப் பார்த்துத் தன் துணிப்பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, உட்காரச் சொன்னார். உட்கார்ந்தேன். அரை மணி நேரம் ஒன்றும் பேசவில்லை. அடுத்த வாய்தாவுக்குள் அவருக்கு என்னைத் தெரிந்திருந்தது. பை பெஞ்சிலேயே இருந்தது. நான் நின்றுகொண்டேன்.

உன் மாமாவைப் பார்க்க மூன்று முறை போனேன். முதல் இரண்டு முறையும் என்னைப் பார்க்க மாட்டேன் என்று சொல்லியனுப்பிவிட்டான். மூன்றாவது முறை வந்தான். கம்பி வலைக்கு அந்தப் பக்கம் நின்று, என் இரத்த அழுத்த மாத்திரையை ஒழுங்காகப் போடுகிறேனா என்று மட்டும் கேட்டான். போடுகிறேன் என்றேன். நேரம் முடிந்துவிட்டது. அடுத்த வாரமும் போவேன். அவன் வராவிட்டாலும் போவேன்.

தீர்ப்பு எப்படி வந்தாலும் என்மேல் உனக்குள்ள கோபம் உடனே ஆறிவிடும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. நான் வாளி நிரப்பியதைப் படித்த பிறகு உன் கோபத்துக்கு வேறொரு காரணமும் சேர்ந்திருக்கலாம். அதற்கு நான் பதில் சொல்லப் போவதில்லை. ஆனால் ஒன்று செய். மாமாவுக்கு நீ எழுது. என் பக்கத்தை எடுத்துச் சொல்ல வேண்டாம், எனக்காகப் பேச வேண்டாம். உன் வேலை, உன் வீடு, அவர் கேட்டு மகிழும் உன் விஷயங்களை எழுது. அவர் மகளுக்கும் தனியாக ஒரு கடிதம் போடு. நான் அழைத்தால் அவள் எடுப்பதில்லை, நீ அழைத்தால் எடுப்பாள். அப்பா செய்ததற்கு அவளைப் பொறுப்பாக்கும் பேச்சு அவள் காதில் விழுந்துகொண்டிருக்கிறது. இந்த ஞாயிற்றுக்கிழமையே அவளைக் கூப்பிடு.

அம்மா