கணித நாளுக்கு ஒரு பாடவேளை

ஆசிரியருக்கு,

டிசம்பர் 22 வந்தால் டெல்டா மாவட்டக் கல்லூரிகளில் ராமானுஜன் படத்துக்கு மாலை, சிறப்புரை, வினாடி வினா என்று தேசிய கணித நாள் நடந்து முடிகிறது. கரும்பலகையில் கணக்கு ஏறுவது அபூர்வம். ஆராய்ச்சியில் ஊறிய பேராசிரியர்கள் நம் கல்லூரிகளில் உண்டு. ஆனால் அந்த ஆர்வம் பிஎச்.டி. மாணவரோடு நின்றுவிடுகிறது. பி.எஸ்சி. வகுப்புக்குக் கிடைப்பது செமஸ்டர் வினாத்தாள்தான். ராமானுஜன் ஆராய்ந்த ஒரு பொருளையே, அதாவது ஒரு எண்ணை எத்தனை வழிகளில் கூட்டலாகப் பிரிக்கலாம் என்பதையே, முதலாண்டு மாணவருக்கு நடத்த முடியும்.

4-ஐக் கூட்டலாகப் பிரிக்கச் சொல்லுங்கள்: 4, 3+1, 2+2, 2+1+1, 1+1+1+1. ஐந்து வழி. சிலர் எட்டு என்பார்கள். 3+1, 1+3 இரண்டையும் தனித்தனியே எண்ணியிருப்பார்கள். 1 முதல் 6 வரை விடைகள் 1, 2, 3, 5, 7, 11. அடுத்தது 13, முதல் 1-ஐ விட்டால் எல்லாம் பகா எண்கள் என்று வகுப்பே கூவும். கூவட்டும். எண்ணிப் பார்த்தால் 7-க்கு 15 வரும். நாலைந்து உதாரணம் நிரூபணம் ஆகாது என்பதை எந்த கைடும் இவ்வளவு நன்றாகச் சொல்லாது.

10-க்கு விடை 42. அதற்குமேல் பட்டியல் போட்டுக் கட்டுப்படியாகாது. பதினெட்டாம் நூற்றாண்டுக் கணித மேதை ஆய்லரின் விதி வேண்டும். 9-லிருந்து 1, 2, 5, 7 என்ற எண்களைக் கழித்தால் 8, 7, 4, 2. இவற்றின் விடைகளில் முதல் இரண்டைக் கூட்டி, அடுத்த இரண்டைக் கழிக்க வேண்டும்: 22+15−5−2=30. கழிக்கும் எண்கள் 12, 15, 22, 26 என்று நீளும். குறி இரண்டிரண்டாக மாறும். மாணவர்கள் ஒன்றுவிட்டு ஒன்றாக மாற்றிவிடுவார்கள். 0-க்கான விடை 1 என்பதையும் மறப்பார்கள். 5-க்கு 7 வரவேண்டிய இடத்தில் 8 வந்தால் காரணம் அதுவே.

ராமானுஜன் காலத்து ஆங்கிலேயக் கணித அறிஞர் மேக்மகான் இப்படியே 200 வரை கையால் கணக்கிட்டார். அந்த அட்டவணையில்தான் 4, 9, 14, 19, 24-க்கான விடைகள் 5, 30, 135, 490, 1575 எல்லாமே ஐந்தால் வகுபடுவதை ராமானுஜன் கண்டார். 4-இலிருந்து ஐந்தைந்தாகக் கூடும் எல்லா எண்களுக்கும் இது பொருந்தும் என்ற அவரது நிரூபணம் 1919-இல் வெளியானது. வகுப்பில் இது நல்ல உரைகல். 29-க்கு 4565 வரவேண்டும். ஐந்தால் வகுபடாத எண் வந்தால், அந்த வரியிலோ முந்தைய வரிகளிலோ எங்கோ பிழை.

நிரூபணத்தை முதலாண்டில் தொட வேண்டாம், அதற்கு முடிவிலாப் பெருக்கங்கள் தெரிய வேண்டும். மாறாக, இந்த விடைகளில் ஒற்றைப்படையும் இரட்டைப்படையும் நெடுக சரிபாதியாக வருமா என்று கேட்டு, இதை இன்னும் எவரும் நிறுவவில்லை என்பதையும் சொல்லிவிடலாம்.

30 வரை (விடை 5604) போட்ட நோட்டை அசைன்மென்டாக ஏற்று உள்மதிப்பெண் தருவதில் துறைகளுக்குச் சிரமமிராது. வகுப்புக்கு புரொஜெக்டர் மட்டும் வேண்டாம். ஒவ்வொரு வரிக்கும் பழைய விடைகள் கண்முன் இருக்க வேண்டும். ஸ்லைடு மாறினால் அவை போய்விடும்.

இப்படிக்கு,
கணித ஆசிரியர்கள் சிலர்,
கும்பகோணம்.