பெர்னுக்குப் போன அப்பாவும் பிள்ளையும்

எசன், ஜெர்மனி, நவம்பர் 17

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுகிறேன். போனில் பேசினால் "ம்", "சரி" என்று இரண்டு சொல்லில் முடித்துவிடுகிறாய். அப்பா பேச்சை எடுத்தாலோ உடனே சிக்னல் போய்விடுகிறது. அதனால்தான் பேப்பரில் எழுதுகிறேன். உட்கார்ந்து முழுசாகப் படி மக்கா.

இங்கே ஐந்து மணிக்குள் இருட்டிவிடுகிறது. காலை டூட்டி என்றால் ஐந்தரைக்கே டிராம் பிடிக்கிறேன். முதியோர் இல்லத்தில் குளிப்பாட்டி, மாத்திரை கொடுத்து, சாப்பாடு ஊட்டி, எழுதவேண்டியதையெல்லாம் ஜெர்மன் மொழியில் எழுதி முடிக்கும்போது முதுகு விட்டுப்போகும். மீன் கிடைக்கிறது, ஆனால் நம் சாளையின் ருசி எதிலும் இல்லை. ஞாயிற்றுக்கிழமை கடைகள் மூடியிருக்கும், தெருவில் ஒரு சத்தமும் இருக்காது. முதல் வருடம் ஞாயிறுதோறும் அழுதேன். இப்போது பழகிவிட்டது.

இந்த ஊரே நிலக்கரியில் எழுந்த ஊர். 'சோல்ஃபராயின்' என்று ஒரு பெரிய சுரங்கம். 1986-ல் அதில் கரி எடுப்பதை நிறுத்திவிட்டார்கள். இப்போது யுனெஸ்கோ பட்டியலில் இருக்கிறது, லீவு நாளில் ஜனங்கள் குழந்தைகளோடு அங்கே நடக்கப் போகிறார்கள். ஆனால் உனக்கு நான் சொல்லவந்தது ஹெல்முட் ரானைப் பற்றி. ராட்-வைஸ் எசன் என்ற இந்த ஊர் கால்பந்து கிளப்பில் ஆடியவர். மைதானத்துக்கு வெளியே அவருக்குச் சிலை வைத்திருக்கிறார்கள். உனக்காகவே போய்ப் பார்த்துவிட்டு வந்தேன்.

இல்லத்தில் நான் வேலை பார்க்கும் மாடியில் ஒரு தாத்தா இருக்கிறார். 1943-ல் பிறந்தவர். சக்கர நாற்காலியின் கைப்பிடியில் அந்த கிளப்பின் சிவப்பு வெள்ளைத் துண்டைக் கட்டியே வைத்திருப்பார், துவைக்கக்கூடக் கொடுக்கமாட்டார். பேச்சு ரொம்பக் குறைவு. போன வியாழக்கிழமை சாயங்காலம் ஹாலில் எல்லோருக்கும் படம் போட்டார்கள். எனக்கு டூட்டி இருந்ததால் தாத்தா பக்கத்தில் நானும் உட்கார்ந்தேன். படத்தின் பெயரைத் தமிழில் சொன்னால் 'பெர்னின் அற்புதம்'. பெர்ன் சுவிட்சர்லாந்தில் இருக்கும் நகரம். 2003-ல் வந்தது, எடுத்தவர் சன்கே வோர்ட்மன். அவரே ஒரு காலத்தில் கிளப்புகளில் பந்து ஆடியவராம். அதனால்தானோ என்னவோ, பையன்கள் ஆடுவதைக் காட்டும்போது எல்லாம் சரியாக இருக்கிறது.

கதை இதே எசனில் நடக்கிறது, 1954-ல். மத்தியாஸ் என்று பதினொரு வயசுப் பையன். ரானின் பையைத் தூக்கிக்கொண்டு பின்னாலேயே போவான். தான் கூட இருந்தால்தான் ரான் ஜெயிப்பார் என்று இருவருமே நம்புகிறார்கள். அம்மா ஒரு சின்ன மதுக்கடை நடத்திப் பிள்ளைகளை வளர்க்கிறாள். அப்பா போருக்குப் போய் ரஷ்யர்களிடம் கைதியானவர். ஒருநாள் அவர் வருகிறார் என்று தகவல் வருகிறது. ரயிலடியில் குடும்பமே நிற்கிறது. அவர் இறங்கி வந்து மகளைக் கட்டிப்பிடிக்கிறார், மனைவி என்று நினைத்துக்கொண்டு. அவர் மனசில் மனைவிக்கு இன்னும் அந்த வயசுதான். கடைசிப் பையன் ஒருவன் பிறந்திருக்கிறான் என்பதே அவருக்குத் தெரியாது.

இப்படி வந்தவர்களுக்கு இங்கே ஒரு சொல் இருக்கிறது, 'ஷ்பேட்ஹைம்கேரர்' என்று. பிந்தி வீடு திரும்பியவர்கள் என்று அர்த்தம். போர் முடிந்தது 1945-ல். கடைசிக் கைதிகள் சுமார் பத்தாயிரம் பேரை விடச்சொல்லி இந்த நாட்டுத் தலைவர் அடெனாவர் மாஸ்கோவுக்கே போனது 1955-ல். பத்து வருடம் பார் தம்பி.

அப்பா வந்ததும் வீடு சந்தோஷமாகும் என்று பார்த்தால், நேர்மாறாக ஆகிறது. தான் இல்லாமலேயே வீடு நடந்திருப்பதை அவரால் தாங்கமுடியவில்லை. எல்லோரையும் அதட்டுகிறார். சுரங்கத்தில் மறுபடி இறங்குகிறார், உள்ளே போனதும் உடம்பு நடுங்கி வேலை செய்யமுடியவில்லை. மூத்த மகனோடு சண்டை. அழுகிற சின்னவனிடம், ஜெர்மன் பையன்கள் அழக்கூடாது என்கிறார். அப்புறம் மனைவியின் பிறந்தநாளுக்கு விருந்து வைக்கிறார். எல்லோரும் சாப்பிட்டு முடித்த பிறகுதான் மத்தியாஸுக்குத் தெரிகிறது, தட்டில் இருந்தது தான் வளர்த்த முயல்கள்.

அந்த இடத்தில் எனக்கு உன் முகம்தான் வந்தது. மீன் வெட்டுகிற கத்தியால் அப்பா உன் பந்தைக் கிழித்த நாளில், கிழிந்த பந்தை மடியில் வைத்துக்கொண்டு கிணற்றடியில் உட்கார்ந்திருந்தாயே, அந்த முகம்.

படத்தில் பந்தாட்டம் அற்புதமாக எடுத்திருக்கிறார்கள். நடுவில் ஒரு பத்திரிகைக்காரரும் அவர் மனைவியும் வருகிற கதை எனக்குத் தேவையாகப் படவில்லை. ஆனால் பெர்ன் நகரத்தில் நடந்த உலகக் கோப்பை இறுதி ஆட்டத்தை நீ அவசியம் பார்க்கவேண்டும். 1954 ஜூலை 4, மழை. ஹங்கேரி 1950-லிருந்து யாரிடமும் தோற்காத அணி. முந்தைய வருடம்தான் இங்கிலாந்தை அவர்கள் மண்ணிலேயே 6-3 என்று அடித்திருந்தது. அதே உலகக் கோப்பையின் முதல் சுற்றில் ஜெர்மனியையும் 8-3. இறுதி ஆட்டத்தில் எட்டு நிமிடத்துக்குள் புஸ்காஷும் சிபோரும் இரண்டு கோல் போட்டுவிட்டார்கள். பத்தாவது நிமிடத்தில் மோர்லாக் ஒன்று திருப்புகிறார், பதினெட்டாவதில் ரான் சமன் செய்கிறார். 84-வது நிமிடத்தில் மறுபடியும் ரான், இடது காலால், தரையோடு தரையாக. 3-2. தேய்ந்ததைக் கழற்றிவிட்டு நீளமானதைத் திருகிக்கொள்ளும் ஸ்டட், அதாவது அடியில் குமிழ், வைத்த பூட்ஸை ஜெர்மன் ஆட்டக்காரர்களுக்கு அடிடாஸ் கம்பெனியின் அடி டாஸ்லர் செய்துகொடுத்திருந்தார். சேற்றில் அது பெரிய உதவி. கேப்டன் ஃபிரிட்ஸ் வால்டரும் போரில் கைதியாக இருந்து வந்தவர்தான். அன்றைக்கு டி.வி. இருந்த வீடு அபூர்வம், முக்கால்வாசிப் பேர் ரேடியோவில்தான் கேட்டார்கள். "பின்னாலிருந்து ரான் அடிக்கவேண்டும்... ரான் அடிக்கிறார்..." என்று வர்ணனையாளர் சொல்ல ஆரம்பித்ததும் பக்கத்தில் தாத்தாவின் உதடு அசைந்தது. ஒரு சொல் பிசகாமல் கூடவே சொன்னார். அவருடைய கை என் கையைப் பிடித்திருந்தது. நகம் பதிகிற அளவுக்குப் பிடி.

ஆனால் அப்பாவும் பிள்ளையும் சேர்ந்தது அந்த கோலினால் இல்லை தம்பி. இதைச் சொல்லத்தான் கடிதமே. அதற்கு முன்னால், பங்கு ஃபாதர் சொல்லிக்கேட்டு, அந்த அப்பா வீட்டு மேஜையில் உட்கார்ந்து வாயைத் திறக்கிறார். முகாமில் பட்ட பசியை, பட்ட பாட்டைச் சொல்கிறார். பிள்ளைகள் கேட்கிறார்கள். அப்புறம்தான் ஃபாதரின் காரை இரவல் வாங்கி, சின்னவனை ஏற்றிக்கொண்டு பெர்னுக்கு ஓட்டுகிறார். ஊர் திரும்பும்போது, பிரிந்துபோன மூத்தவன் எழுதிய கடிதத்தைப் படித்து அவர் அழ, ஜெர்மன் பையன்கள் அழுதாலும் தப்பில்லை என்று மத்தியாஸ் சொல்கிறான். அந்த இரண்டு பேரும் நிஜத்திலும் அப்பாவும் மகனுமாம். அது தெரியாமலேயே எனக்குத் தெரிந்ததுபோல் இருந்தது.

படம் முடிந்து தாத்தாவைப் படுக்கவைத்தபோது, தன் அப்பா 1949-ல் வந்தவர் என்றார். "அம்மா, இந்த ஆள் எப்போது போவார்?" என்று கேட்டாராம், ஆறு வயசில். அப்பாவோடு சேர்ந்து ஒரு ஆட்டம்கூடப் பார்க்கவில்லை என்றார். வேறு எதுவும் சொல்லவில்லை.

நீயும் அப்பாவை 'அந்த ஆள்' என்றுதான் சொல்வாய். நீ பிறந்தபோது அவர் வளைகுடாவில் இருந்தார், வந்தபோது உனக்கு ஒன்பது வயசு. நடுவில் நாலு மாதம் பணமும் வரவில்லை, போனும் வரவில்லை, உனக்கு நினைவிருக்கும். வேறு குடும்பம் வைத்துக்கொண்டார் என்று ஊரில் பேசினார்கள். நீ பள்ளிக்கூடத்தில் அதற்காக அடிதடி போட்டாய். போன மாதம் அப்பா என்னிடம் சொன்னார். எல்லை தாண்டி மீன் பிடித்தார்கள் என்று போட்டோடு பிடித்து உள்ளே போட்டுவிட்டார்களாம். அந்த நாலு மாதமும் அங்கேதான். ஒரு அறையில் பதினேழு பேர். இரவில் அவர் இன்றைக்கும் விளக்கை அணைக்கவிடாதது அதனால்தான். நாம் கரண்ட் பில்லுக்காகச் சண்டை போட்டோமே.

உன்னிடம் சொல்லாதே என்றார். "பிள்ளை முன்னால் ஜெயிலுக்குப் போனவன் என்று நிற்கமுடியாது" என்றார். சொல்லக்கூடாது என்று ஒரு மாதம் இருந்து பார்த்தேன். அந்தத் தாத்தாவின் பேச்சைக் கேட்ட பிறகு என்னால் முடியவில்லை. பந்தைக் கிழித்தது தப்புதான், அதை நான் நியாயப்படுத்தவில்லை. அவருக்கும் அது தெரியும்.

இன்னொன்றும் அம்மா சொன்னாள். நீ ஆடும் ஆட்டம் எல்லாவற்றுக்கும் அப்பா வருகிறாராம். கரையில் ஏற்றி வைத்த வள்ளத்துக்குப் பின்னால் நின்று பார்த்துவிட்டு, நீ வீட்டுக்கு வருமுன் வந்து படுத்துக்கொள்கிறாராம். டோர்னமென்ட் ஃபைனல் எந்த ஞாயிறு என்று இப்போதே அம்மாவிடம் மூன்று தடவை கேட்டாயிற்று. தேதியை நீயே போய் அவரிடம் சொல்.

அம்மாவுக்கு மாத்திரை வாங்கக் காசு அனுப்பியிருக்கிறேன், பேங்கில் பார்.

அன்புடன்,
உன் அக்கா