போட்ஸ்பியோர்ட்டில் அரை மணி நேரம்

அன்பு மகளுக்கு,

நோர்வேக் கரையோரக் கப்பலில் இருந்து எழுதுகிறேன். அம்மா பக்கத்தில் நித்திரை. எனக்கு நித்திரை வரவில்லை. சற்று முன்புதான் போட்ஸ்பியோர்ட்டை விட்டுப் புறப்பட்டோம்.

பேர்கனில் ஏறி இன்று ஏழாவது நாள். கிர்க்னஸ் வரை 34 துறைகள். ஒலசுண்ட், த்ரோண்ட்ஹைம் எல்லாம் வடிவான ஊர்கள்தான், படங்களில் பார்த்திருப்பாய். எனக்குப் பிடித்தவை சின்னத் துறைகள். நடுச்சாமத்தில் ஒரு மீனவ ஊரில் கப்பல் நிற்கும். பக்கக் கதவு திறந்ததும் ஃபோர்க்லிஃப்ட் சாமான்களை இறக்கும், யாரோ ஒருவர் பையோடு வீட்டுக்கு நடப்பார். பிறகு கப்பல் புறப்பட்டுவிடும். சுற்றுலாக்காரர் எத்தனை பேர் ஏறினாலும் இது ஊர்ச்சனத்தின் கப்பல்தான்.

இந்தக் கப்பல் சேவையை 1893-இல் ரிச்சர்ட் வித் என்ற கப்டன் தொடங்கினார். குளிர்கால இருட்டில் இந்தக் கரையோரம் கப்பல் ஓட்ட மற்றவர்கள் பயந்த காலம். திசை, வேகம், நேரம் மூன்றையும் ஒரு கொப்பியில் எழுதி வைத்து, மணிக்கூட்டையும் திசைகாட்டியையும் நம்பி அவர் ஓட்டிக் காட்டினார்.

ஸ்வோல்வாரில் தொர்ஸ்க் (கொட்) மீனை இரண்டிரண்டாக வாலில் கட்டி மரச்சட்டங்களில் தொங்கவிட்டிருந்தார்கள். உப்பே போடுவதில்லை, குளிர்காற்றிலேயே காய்கிறது. "எங்கட ஊரில் உப்பில்லாமல் ஒரு நாள் தாங்குமா?" என்று அம்மா கேட்டுக்கொண்டே நின்றாள்.

எண்பதுகளில் படிக்க வந்த எங்கள் ஆட்கள் பலர் வடகோடியில் உள்ள பின்மார்க் மாகாணத்து மீன் ஆலைகளுக்குத்தான் வேலைக்குப் போனார்கள். நானும் அப்படித்தான் போட்ஸ்பியோர்ட் ஆலைக்குப் போனேன். காலையில் எழும்பினால் கத்தி பிடித்த விரல்கள் நிமிராது, சுடுதண்ணீரில் வைத்துத்தான் விரிப்பேன்.

நீ கிர்க்னஸ் ஆஸ்பத்திரியில் பிறந்தது உனக்குத் தெரியும். வீட்டுக்கு வந்த கதையை நான் ஒழுங்காகச் சொன்னதில்லை. 1991 பெப்ரவரி. புயலில் மலைப்பாதை மூடிவிட்டது. ஐந்து நாள் பிள்ளையை என் கம்பளிச் சட்டையில் சுற்றிக்கொண்டு, இதே வழியில் ஓடும் கப்பலில் ஏறினோம். வார்டோ தாண்டியதும் ஒரே ஆட்டம். அம்மா சத்தி எடுக்க, எனக்கு யாரைப் பிடிப்பது என்று தெரியவில்லை. பக்கத்தில் இருந்த நோர்வேஜிய அம்மா ஒருவர் கைநீட்டி உன்னை வாங்கி மடியில் வைத்துக்கொண்டார். இறங்கும்வரை தரவேயில்லை. பாஷை தெரியாத நான் 'தக்' (நன்றி) என்று மட்டும் சொன்னேன். அவர் பெயரைக்கூடக் கேட்கவில்லை. அது இன்றைக்கும் மனதில் கிடக்கிறது.

இன்றிரவு அரை மணி நேரம் இறங்கி நின்றோம். பழைய ஆலைப் பக்கம் வெளிச்சம் தெரிந்தது, நடந்து போய்வர நேரம் போதாது. காற்றில் மீன் மணம் வந்தது. அம்மா என் கையை விடவில்லை. கப்பல் ஊதியதும் ஏறிவிட்டோம்.

யூலையில் பிள்ளைகளோடு வருகிறாய்தானே? கிர்க்னஸ் வரை விமானத்தில் வா. அங்கிருந்து போட்ஸ்பியோர்ட்டுக்கு எல்லோருக்கும் கப்பல் டிக்கெட் நான் எடுக்கிறேன். சின்னவனுக்குத் தடித்த சட்டை கொண்டு வா, மேல்தளத்தில் யூலையிலும் குளிரும்.

அன்புடன்,
அப்பா