அந்த மழையைத் திருப்பித் தாருங்கள்: வீட்டு வெளியீட்டுப் பிரிவினருக்கு ஒரு திறந்த மடல்

திரைப்படங்களை வீட்டில் பார்ப்பதற்கான வட்டுகளாக வெளியிடும், மதிப்பிற்குரிய வீட்டு வெளியீட்டுப் பிரிவின் பொறுப்பாளர்களுக்கு,

வணக்கம்.

எந்தப் படத்தைப் பற்றி எழுதுகிறேன் என்பதை நீங்கள் அறிவீர்கள். கையால் வரையப்பட்ட அந்தக் குடும்பப் படத்தை, 'முழுமையாகச் சீரமைக்கப்பட்ட 4கே பதிப்பு' என்று அட்டையில் அச்சிட்டு நீங்கள் விற்பனைக்குக் கொண்டுவந்தது முதல், வாங்கியவர்கள் பலரும், சீரமைப்பில் ஓவியத்தின் கோடுகளே அழிந்துவிட்டன என்ற ஒரே குறையைத்தான் உங்களுக்கு எழுதி வருகிறார்கள். எனக்கு வந்த பதிலில், இன்றைய பார்வையாளர்கள் தூய்மையான படத்தையே விரும்புகிறார்கள் என்று ஒரு வரி இருந்தது. அந்த வரிதான் இந்த மடலை எழுத வைத்தது. நாங்கள் கேட்பது ஒன்றே: மூல பிலிமான நெகட்டிவிலிருந்து நீங்கள் எடுத்த அதே ஸ்கேனை, ஓவியத்தை அழிக்கும் கணினி வடிகட்டல் இல்லாமல், மீண்டும் வெளியிடுங்கள்.

காணாமல்போன தங்கையைத் தேடி அண்ணன் மழையில் ஓடும் காட்சியை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். பழைய டிவிடியில் அது கண்ணை மறைக்கும் அடைமழை. புதிய வட்டில் சிறுவனின் சட்டை நனைந்திருக்கிறது, இடி கேட்கிறது, ஆனால் விழும் துளிகளில் பெரும்பாலானவை இல்லை. அவன் கால் பட்டு எழ வேண்டிய நீர்த்தெறிப்பு பாதியில் அறுந்து நிற்கிறது. கையை வீசித் திரும்பும் கணத்தில் விரல்களைப் பிரித்துக் காட்டிய கோடுகள் மறைந்து, கை ஒரே நிறத்திட்டாகத் தெரிகிறது. டிவிடியில் ஒரு ஃப்ரேமுக்கு, அதாவது திரையில் ஓடும் ஒரு தனிப் படத்துக்கு, 480 அல்லது 576 வரிகள், ப்ளூ-ரேயில் 1080, உங்கள் புதிய வட்டில் 2160. வரிகள் இத்தனை மடங்கு பெருகிய பிறகு ஓவியம் குறைந்திருக்கிறது என்றால், அது வட்டின் குறையன்று. அதில் ஏற்றுவதற்கு முன் படத்துக்கு நேர்ந்தது.

என்ன நேர்ந்தது என்பது உங்கள் தொழில்நுட்பக் குழுவுக்குத் தெரியாததல்ல. திரைப்படம் நொடிக்கு 24 ஃப்ரேம்களாக ஓடுகிறது. கைவரை அனிமேஷனில் பெரும்பாலும் ஓர் ஓவியத்தை இரண்டு ஃப்ரேம்களுக்கு வைத்துப் படமெடுப்பார்கள். வேகமான அசைவுக்கு மட்டும் ஃப்ரேமுக்கு ஓர் ஓவியம் என்று வரைவார்கள். ஆகவே வேகமாக விழும் ஒரு மழைத்துளி, தான் நிற்கும் இடத்தில், ஒரே ஒரு ஃப்ரேமில் மட்டுமே இருக்கும். தூசி நீக்கும் மென்பொருளோ முன்னும் பின்னும் உள்ள ஃப்ரேம்களை ஒப்பிட்டு, நடுவே ஒன்றில் மட்டும் தோன்றி மறையும் எதையும் தூசி என்று தீர்மானித்து, பக்கத்து ஃப்ரேமிலிருந்து அந்த இடத்தை நிரப்பிவிடுகிறது. கைவரைப் படத்தில் தூசிக்கும் துளிக்கும் உள்ள வேறுபாட்டை அது அறியாது. அறிந்த ஒருவர் ஒவ்வொரு ஷாட்டாக உட்கார்ந்து பார்த்திருக்க வேண்டும். யாரும் பார்க்கவில்லை என்பதை அந்த மழைக் காட்சி சொல்கிறது.

இதற்கு மேல், பிலிமுக்கே உரிய நுண்புள்ளிகளான கிரெயினைக் குறைப்பதற்காக இன்னொரு வடிகட்டலும் நடந்திருக்கிறது. அதில் கோடுகளின் சொரசொரப்பும் சேர்ந்து போய்விட்டது. 1961இல் வெளிவந்த '101 டால்மேஷியன்ஸ்' படத்தில், ஓவியர்களின் பென்சில் கோடுகளை நகலெடுக்கும் இயந்திரம் மூலம் நேரடியாகச் செல்லுலாய்டு தாளில் பதிக்கும் முறை ஒரு முழுநீளப் படம் முழுவதற்கும் கையாளப்பட்டது. அதற்கு முன்பு மைப்பிரிவினர் அந்தக் கோடுகளைக் கையால் மையில் படியெடுத்து வழவழப்பாக்குவார்கள். நம் படமும் அந்த நகல் முறையில் உருவானதுதான். அதில் வரும் சொரசொரப்பும், ஓவியத்துக்கு ஓவியம் கோடு சற்றே நடுங்குவதும் பிழைகளல்ல; வரைந்தவரின் கையழுத்தம் அப்படியே திரைக்கு வந்ததன் அடையாளங்கள். பாட்டியின் கன்னத்துச் சுருக்கங்களை வரைந்தவர் அவற்றை நிச்சயமாக வேண்டுமென்றே வரைந்தார். உங்கள் பதிப்பில் அந்தப் பாட்டிக்குச் சுருக்கமே இல்லை.

நிறங்கள் குளிர்ந்துபோனதையும், இசையின் ஏற்ற இறக்கம் தட்டையாக்கப்பட்டதையும் பற்றி மற்றவர்கள் விரிவாக எழுதியிருக்கிறார்கள். நான் அவற்றுக்குள் போகவில்லை. அவற்றை ஓரளவுக்குத் தொலைக்காட்சியில் சரிசெய்துகொள்ளலாம். அழிந்த கோட்டைப் பார்ப்பவரால் மீட்க முடியாது.

தூய்மைப்படுத்துவதையே நாங்கள் எதிர்க்கிறோம் என்று தயவுசெய்து எண்ண வேண்டாம். நெகட்டிவில் விழுந்த கீறலும் கறையும் போகத்தான் வேண்டும். 1937இல் வெளிவந்த 'ஸ்னோ ஒயிட்' 1993இல் முழுவதுமாக ஸ்கேன் செய்யப்பட்டு, கணினியில் சீரமைக்கப்பட்டு, மறுபடியும் பிலிமில் பதிவானது. ஒரு முழுநீளப் படம் தொடக்கம் முதல் இறுதி வரை அவ்வாறு சீரமைக்கப்பட்டது அதுவே முதல் முறை. இந்தத் தொழில்நுட்பம் முதலில் முழுமையாகப் பயன்பட்டதே ஒரு கைவரை அனிமேஷன் படத்துக்குத்தான் என்பதை நினைக்கும்போது, இன்று அதே வகைப் படங்களுக்கு நேர்வது மனத்தை வருத்துகிறது.

உங்கள் நிறுவனமே நடிகர்கள் நடித்த பழைய படங்களை 4கேயில் வெளியிடும்போது கிரெயினைத் தொடாமல் விடுகிறது. ஒளிப்பதிவாளர் உயிருடன் இருந்தால் அவரை அழைத்து ஒப்புதல் பெறுகிறது. அதை அட்டையில் பெருமையுடன் அச்சிடுகிறது. குடும்பப் படம் என்றதும் அந்த அக்கறை ஏன் நின்றுவிடுகிறது? குழந்தைகளுக்குத் தெரியாது என்று யாரோ முடிவு செய்திருக்கிறார்கள். ஒரே படத்தைத் திரும்பத் திரும்பப் பார்த்து, எந்த ஷாட்டில் நாய் எந்தப் பக்கம் திரும்பும் என்று மனப்பாடமாக வைத்திருப்பவர்கள் குழந்தைகள்தான். அவர்களைவிடக் கூர்ந்து பார்க்கும் பார்வையாளர் உங்களுக்குக் கிடைக்க மாட்டார்கள். அந்தப் படத்தை வரைந்தவர்களில் பெரும்பாலோர் இன்று இல்லை. தங்கள் கோடு எங்கே என்று அவர்கள் வந்து கேட்க முடியாது. பழைய வட்டின் விற்பனையையும் நிறுத்திவிட்டீர்கள். இணையத்தில் ஓடும் பதிப்பையும் இந்தப் புதிய பதிப்பால் மாற்றிவிட்டீர்கள். இனி இந்தப் படத்தை முதன்முதலாகப் பார்க்கும் ஒவ்வொரு குழந்தையும் மழையில்லாத அந்த மழைக் காட்சியைத்தான் பார்க்கும். இதை நினைத்தால் பொறுமையாக எழுதுவது கடினமாக இருக்கிறது.

ஆயினும் வேண்டுகோளாகவே கேட்கிறேன். உங்கள் காப்பகத்தில் நெகட்டிவ் இருக்கிறது. வடிகட்டலுக்கு முந்தைய ஸ்கேனும் இருக்க வேண்டும். எனவே வேலையை முதலிலிருந்து தொடங்க வேண்டியதில்லை. கைவரை அனிமேஷனை அறிந்த ஒருவரின் மேற்பார்வையில், கீறலையும் கறையையும் மட்டும் நீக்கி, அந்த ஸ்கேனிலிருந்து புதிய பதிப்பைத் தயாரியுங்கள். ஏற்கெனவே வாங்கியவர்களுக்கு மாற்று வட்டு அனுப்புங்கள். பிழையான வட்டுக்கு மாற்று தருவது இந்தத் துறையில் புதிய வழக்கமல்ல. அதுவரை பழைய பதிப்பையாவது இணையத்தில் மீண்டும் வையுங்கள்.

இவற்றில் எதைச் செய்ய இயலும், எப்போது செய்ய இயலும் என்பதை எல்லோரும் அறியும்படி தெரிவிக்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
உங்கள் வெளியீடுகளை விலை கொடுத்து வாங்கும் ஒரு பார்வையாளர்