முழங்கை வெறும் கீல் அல்ல

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சென்ற வாரம் உங்கள் நாளிதழின் மாணவர் பக்கத்தில் வந்த மூட்டுகளின் படத்தை என் பேத்தி பட்டறைக்குக் கொண்டுவந்து காட்டினாள். முழங்கைக்கு நேரே ‘கீல் மூட்டு’ என்று இரண்டே சொற்கள். முப்பத்தெட்டு ஆண்டுகளாகக் கதவுக்குக் கீல் மாட்டிச் சாப்பிடுகிறவன் நான். படித்துவிட்டுச் சும்மா இருக்க முடியவில்லை.

முழங்கை வெறும் கீலாக இருந்தால் நான் ஒரு திருகாணிகூட முடுக்கியிருக்க முடியாது. கீலுக்குத் தெரிந்ததெல்லாம் மடங்குவதும் நீள்வதும்தான். திருப்புளி பிடித்த கை திரும்ப வேண்டாமா?

எங்கள் பக்கத்துப் பழைய வீடுகளில் கீலே இல்லாத கதவுகளைப் பார்த்திருப்பீர்கள். பலகையிலேயே மேலும் கீழும் குடுமி விட்டுச் செதுக்கி, குழியில் பொருத்தியிருப்பார்கள். கதவு அந்தக் குடுமியில் சுழலும். முழங்கையில் கீலும் உண்டு, குடுமியும் உண்டு. மேற்கை எலும்பின் அடிமுனை, கவலை இறைத்த காலத்துக் கிணற்று உருளைபோல நடுவில் பள்ளம் விழுந்தது. முன்கையில் சுண்டுவிரல் பக்கமாக ஓடும் அல்னா எலும்பு அதைக் கொக்கிபோலக் கவ்விக்கொள்கிறது. கீல் அதுதான். கட்டைவிரல் பக்கமாக ஓடும் ரேடியஸ் எலும்பின் தலையோ கடைசல் பிடித்ததுபோல வட்டமானது. அதைச் சுற்றி ஒரு நார் வளையம். வளையத்தின் இரு முனைகளும் அல்னாவில் பதிந்திருக்கின்றன. அந்த வளையத்துக்குள் தலை சுழல்கிறது. குடுமி அதுதான். உங்கள் படத்தில் இல்லாததும் அதுதான்.

நம்பாதவர்கள் வலக்கையை மடக்கி, முழங்கையின் வெளிப்பக்கம் துருத்தும் எலும்பிலிருந்து மணிக்கட்டுப் பக்கமாக ஒரு விரல் தள்ளி இடக்கைக் கட்டைவிரலை அழுத்தட்டும். உள்ளங்கையைக் கவிழ்த்து நிமிர்த்தினால் விரலடியில் ஒன்று உருளும்.

பட்டறைக்குப் புதிதாக வரும் பையன்கள் கையை நீட்டிக்கொண்டே திருகாணி முடுக்குவார்கள். கிட்டப் போய் நின்று முழங்கையை மடக்கு என்பேன். அதன் காரணம் எனக்கே பிற்பாடுதான் தெரிந்தது. புயத்தில் புடைக்கும் பைசெப்ஸ் தசை ரேடியஸில்தான் போய் ஒட்டுகிறது. உள்ளங்கையை நிமிர்த்தித் திருப்புவதும் அதன் வேலை. முழங்கை மூலைமட்டம்போல மடங்கியிருக்கும்போது அந்தப் பலம் கூடும். வலக்கைக்காரனுக்கு முடுக்கும் திசையும் அதுவே. கழற்றும் திசைக்கு அவ்வளவு பலம் இல்லை.

இத்தனையும் நான் கேட்டுத் தெரிந்துகொண்டதற்கு ஒரு காரணம் உண்டு. மூன்று ஆண்டுகளுக்கு முன் தைப்பூசத்தன்று சென்னிமலை போவதற்காகக் காங்கேயம் பஸ் நிலையத்துக்குப் போனோம். பேத்திக்கு அப்போது மூன்று வயது. பஸ் நகரத் தொடங்கவே, படியில் நின்றபடி அவளுடைய ஒரு மணிக்கட்டைப் பிடித்து வெடுக்கென்று மேலே இழுத்தேன். வீறிட்டாள். அழுகை ஓய்ந்த பிறகும் அந்தக் கையை மட்டும் அசைக்கவில்லை. வீக்கம் இல்லை. சுளுக்குத்தான், எண்ணெய் போட்டு நீவினால் சரியாகிவிடும் என்றார் பக்கத்து இருக்கைக்காரர். நாங்கள் வழியிலேயே இறங்கி மருத்துவரிடம் போனோம்.

“விழுந்தாளா, இழுத்தீர்களா?” என்றுதான் அவர் முதலில் கேட்டார். விழுந்திருந்தால் முறிவு இருக்கிறதா என்று எக்ஸ்ரே எடுத்துப் பார்க்க வேண்டுமாம். இழுத்தேன் என்றேன். ஐந்து வயதுக்குள் அந்த வளையத்தின் பிடி இன்னும் இறுகியிருக்காது. இழுத்த வேகத்தில் அது ரேடியஸின் தலைமேல் வழுகிப்போய் மூட்டு இடுக்கில் சிக்கிக்கொள்ளும் என்றார். முழங்கையை ஒரு கையால் தாங்கி, மறு கையால் அவள் கையைத் திருப்பி மடக்கினார். சொடுக்குப்போல ஒரு சிறு சத்தம். பத்து நிமிடத்தில் அவர் மேசைமேல் இருந்த மிட்டாயை அதே கையால் எடுத்துக்கொண்டு “அப்பிச்சி, பிரித்துக் கொடுங்கள்” என்றாள். எனக்குத்தான் பிரிக்க முடியாமல் கை நடுங்கியது. பார்க்க எளிதாக இருக்கிறதே என்று யாரும் இதை வீட்டில் செய்து பார்க்க வேண்டாம்.

படத்தைத் திருத்தி மறுபடி போடும்போது அந்த வளையத்தையும் வரையுங்கள். பக்கத்திலேயே, சிறு குழந்தையைத் தூக்குவதென்றால் இரண்டு அக்குளிலும் கைகொடுத்துத் தூக்க வேண்டும் என்று ஒரு வரி சேருங்கள். இடம் போதாது என்றால் தோள்மூட்டுக்குக் கொடுத்ததில் கொஞ்சம் எடுத்துக்கொள்ளலாம். அது பந்தும் கிண்ணமும்தானே.

இப்படிக்கு,
கதவு, நிலை செய்யும் தச்சர் ஒருவர்,
காங்கேயம்.